விமானத்தைத் தேடுமுன் மலையைத் தேடினார்கள்

கேள்வி: 2014-இல் காணாமல்போன மலேசிய விமானம் எம்.எச். 370-ஐத் தேடப் போனவர்கள், முதலில் மாதக்கணக்கில் கடலடியை அளந்துகொண்டிருந்தார்களாமே, எதற்கு?

பதில்: நானும் அப்போது ‘இதென்ன, வீடு தீப்பற்றி எரியும்போது மனையை அளக்கிறார்களே’ என்று எரிச்சல்பட்டவன்தான். காரணம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன். தெற்கு இந்தியப் பெருங்கடலின் அந்தப் பகுதிக்கு இருந்ததெல்லாம் செயற்கைக்கோள் தந்த உத்தேசப் படம். அது தரையைப் பார்த்து வரைந்ததன்று. கடலடி மலையின் ஈர்ப்பால் மேலே நீர் சற்றே மேடுதட்டுவதை வைத்துப் போட்ட கணக்கு.

எனவே கப்பலின் அடியிலிருந்து ஒலியை விசிறிபோல் அனுப்பி அளந்தார்கள். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 4,000 மீட்டர் ஆழமென்றால் எதிரொலி திரும்ப ஐந்து நொடிக்கு மேல். இதில் மலை தெரியும், பள்ளத்தாக்கு தெரியும், விமானம் தெரியாது. அதற்கு, ஒலியால் துழாவும் சோனார் கருவியை நீண்ட கேபிளில் கட்டி, தரைக்கு நூறு மீட்டர் சொச்சம் மேலே இழுத்துப் போகவேண்டும். வரைபடமில்லாமல் இழுத்தால் கருவி பாறையில் மோதும். (படம் இருந்தும் 2016 ஜனவரியில் ஒன்று, 2,200 மீட்டர் உயரச் சேற்று எரிமலையில் மோதி அறுந்தது! பிறகு மீட்டுவிட்டார்கள்.)

1,20,000 சதுர கிலோமீட்டர் துழாவி, 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். யாரும் தேடாத பழைய கப்பல் ஒன்று, நங்கூரத்தோடு கிடைத்தது.