பானிபூரி வண்டிப் பணம் எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் தெருமுனையில் பீகாரிலிருந்து வந்தவர் பானிபூரி வண்டி போட்டிருக்கிறார். நல்ல கூட்டம். சம்பாதிப்பது முழுக்க அவர் ஊருக்குத்தானே போகிறது? நமக்கு என்ன லாபம்?
– வாசகி, சிங்காநல்லூர்

பதில்: ஊருக்குப் போவது செலவு போக மிஞ்சுவது மட்டும்தான். உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வருவது. புதினா, மல்லித்தழையை அன்றன்று உங்கள் மார்க்கெட்டில்தான் வாங்கியாக வேண்டும்; வாடிய தழையில் அரைத்தால் பானி கறுத்துவிடும். ரவை, எண்ணெய், புளி மளிகைக்கடையில். வண்டி உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்தது. அறை வாடகை வேறு.

பூரி தனித்தொழில். பல ஊர்களில் ஒருவர் போட, பத்து வண்டிக்காரர்கள் வாங்கிப்போகிறார்கள். ஒரு கிலோ ரவைக்குச் சுமார் அரை லிட்டர் தண்ணீர். மாவைக் கெட்டியாகப் பிசைந்து ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். துணி காய்ந்தால் மாவின் மேல் ஏடு கட்டும். அந்தப் பூரி உப்பாமல் தட்டையாக நின்றுவிடும். மழைக்காலத்தில் பூரி நமுத்துப்போகும் நஷ்டமும் பூரி போடுபவர்களுடையதே. இத்தனை பேர் பிழைப்பும் உங்கள் ஊருக்குள்தான் நடக்கிறது. தாராவியில் இட்லி அவித்து மும்பை முழுக்க விற்கும் நம்மவர்களும் அரிசி, உளுந்தை மும்பைக் கடையில்தான் வாங்குகிறார்கள்.

கேள்வி: வெளிமாநிலத்தவர் என்றால் தெருவில் வியாபாரம் செய்ய விற்பனைச் சான்று கிடைக்காதா? வண்டியைத் தூக்கிப்போனால் என்ன செய்வது?
– வாசகர், திருப்பூர்

பதில்: கிடைக்கும். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் சொந்த மாநிலத்தைக் கேட்பதில்லை. வயது 14 நிறைந்திருக்க வேண்டும். வேறு பிழைப்பு இல்லை, நானோ என் குடும்பத்தாரோதான் விற்போம், சான்றை வாடகைக்கு விடமாட்டேன் என்று உறுதிமொழி தர வேண்டும்.

சிக்கல் கணக்கெடுப்பில். தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து, அதில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் சான்று தருவார்கள். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அது. அந்த நேரத்தில் பீகாரிகளின் பெரிய பண்டிகையான சட் பூஜைக்கு ஊர் போயிருந்தால் பெயர் விடுபட்டுவிடும். காத்திருக்க வேண்டாம், இரண்டு கணக்கெடுப்புக்கு இடைப்பட்ட காலத்திலும் சான்று தர, தெரு வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவுக்கு அதிகாரம் உண்டு, இடவசதி இருந்தால். மனுவை மாநகராட்சியில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கச் சொல்லுங்கள். மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதம் கிடைத்தாலே, தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதி கடனுக்கு விண்ணப்பிக்கலாம். முதல் கடன் 15,000 ரூபாய் வரை.

அப்புறப்படுத்த 30 நாள் நோட்டீஸ் அவசியம். அதன்பின் பொருளை எடுத்தால், கையெழுத்திட்ட பட்டியலின் நகல் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால் அழுகும் பொருளை அன்றே, மற்றதை 2 வேலைநாளில் திருப்பித்தர வேண்டும். பட்டியலில் இல்லாத பொருளைப் பிறகு கேட்டு வாங்குவது பெரும்பாடு. சிலிண்டரும் எவர்சில்வர் அண்டாவும் பட்டியலில் ஏறியிருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.