சேவியரா, சவரிமுத்தா?

அன்புள்ள ஐயா,
சொந்த ஊர் மணப்பாடு, இப்போது இருப்பது பாளையங்கோட்டை. தாத்தா பெயர் சவரிமுத்து, அப்பா பெயர் சேவியர். போன மாதம் எனக்கு மகன் பிறந்திருக்கிறான். தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்கிறார் ஆச்சி. மனைவிக்கு சேவியர்தான் பிடித்திருக்கிறது, வெளிநாட்டிலும் இப்போது நிறைய பேர் வைக்கிறார்களாம். அலுவலகத்தில் ஒருவரோ, 'அது குடும்பப் பெயராயிற்றே, பிள்ளைக்கு எப்படி வைப்பீர்கள்?' என்கிறார். என்ன செய்யலாம்?

அன்புள்ள நண்பருக்கு,
மகனுக்கு என் வாழ்த்துகள். அலுவலக நண்பர் சொல்வது பாதிதான் சரி, ஏனென்றால் சேவியர் என்பது முதலில் ஒரு வீட்டின் பெயர். ஸ்பெயினின் வடக்கே நவார் பகுதியில் உள்ள கோட்டை அது; பாஸ்க் மொழியில் 'புதுவீடு' என்று பொருள் சொல்வார்கள். புனித பிரான்சிஸ் சேவியர் 1506இல் அங்கே பிறந்தார். அப்பா குடும்பத்துக்கு வேறு பெயர், கோட்டை அம்மா வழிச் சொத்து. நாம் கும்பிடும் பெயரும் அந்த வழியில் வந்ததுதான்.

1542இல் அவர் நம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்து, செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். நம் ஆட்களுக்கு அவர்கள் ஊர் மாதிரி குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை, அதனால் அந்தப் பெயரே அவருடைய பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். மரியாதைக்கு 'ஆர்' சேர்த்து சவேரியார் ஆக்கினார்கள், அப்புறம் சவரிமுத்து, சவரிராயன், சவரியம்மாள். எங்கோ மலைநாட்டுக் கோட்டையின் பெயர் இங்கே ஒரு மீன்காரப் பெண்ணின் ரேஷன் கார்டில் சவரியம்மாள் என்று நிற்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

வெளிநாட்டு மோகம் வேறு விஷயம். ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும் பெயர்கள் அரிது, எழுதிப் பார்த்தால் மிடுக்காக இருக்கிறது, புனிதரை அறியாதவர்களும் வைக்கிறார்கள். வைக்கட்டும், அதில் தப்பில்லை.

அலுவலக நண்பரிடம் உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். இனிஷியலை விரித்து எழுதியிருந்தால் அதில் சேவியர் மறுபடியும் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும், அதுவும் உங்கள் அப்பாவின் சொந்தப் பெயராக இருந்து வந்தது.

என்னைக் கேட்டால் நான் ஆச்சி பக்கம். சேவியர் எந்த நாட்டிலும் கிடைக்கும், சவரிமுத்து தமிழ் பேசுகிற இடத்தில் மட்டும்தான் உருவாகியிருக்க முடியும். அந்த 'முத்து' நம் கடலில் எடுத்தது என்றே நான் நம்புகிறேன். மனைவியிடம் இரண்டும் ஒரே பெயர்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள், வீட்டில் சேவி என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும். ஞானஸ்நானத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள், ஆச்சியின் மனம் நோகாமல்.