தம்பியின் மாத்திரை – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு இருமுனைக் கோளாறு (bipolar); மனம் சில காலம் கட்டுமீறி எழும், சில காலம் சோர்ந்து விழும். எட்டு வருடமாக லித்தியம் சாப்பிடுகிறான். வேலைக்குப் போகிறான், நன்றாகத் தூங்குகிறான். 'நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மாத்திரை? கிட்னி போயிடும்' என்கிறார் சித்தப்பா. லித்தியம் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது, எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அது எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர்களுக்கே தெரியாது என்றெல்லாம் எங்கோ படித்துவிட்டு, தம்பியும் தயங்க ஆரம்பித்துவிட்டான். நான் அவனுக்கு என்ன சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் மருத்துவன் அல்ல. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவருடைய மனநல மருத்துவர் சொல்ல வேண்டியவை. தம்பி படித்த கதையின் மிச்சத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

எலி அல்ல, கினிப்பன்றி. ஆய்வு செய்தவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது பிடிபட்டு, மூன்றரை ஆண்டுகள் அங்கே சாங்கி போர்க்கைதி முகாமில் கிடந்தவர். ஊர் திரும்பியபின் மெல்போர்னில் உள்ள பண்டூரா மனநல மருத்துவமனையில், யாரும் பயன்படுத்தாத ஒரு சரக்கறையே அவருக்கு ஆய்வுக்கூடம். கட்டற்ற மன எழுச்சியில் இருக்கும் நோயாளிகளின் உடலில் ஏதோ ஒரு நச்சு மிகுந்துவிடுகிறது என்று நினைத்தார். அவர்களின் சிறுநீரை வீட்டு ஃபிரிட்ஜில் சேர்த்துவைத்து கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டார். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தையும் சோதிக்க விரும்பினார்; அது எளிதில் கரையாததால் அதன் லித்தியம் உப்பை எடுத்துக்கொண்டார். விலங்குகள் அடங்கிக் கிடந்தன. அவர் ஊகம் தவறு; அந்த அடக்கமே கூட லித்தியத்தின் நச்சால் வந்ததாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே 'தற்செயல்' என்பது சரிதான். ஆனால் நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் அதைத் தானே விழுங்கிப் பார்த்தார். அதைத் தற்செயல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உங்கள் தம்பி தெரிந்துகொள்ள வேண்டியது அவருடைய முதல் நோயாளியைத்தான். 51 வயதுக்காரர். ஐந்து ஆண்டுகளாக ஓயாத எழுச்சி, வார்டிலேயே வாழ்க்கை. 1948 மார்ச் இறுதியில் லித்தியம் தொடங்கினார்கள். சில வாரங்களில் தெளிந்தார். சில மாதங்களில் வீட்டுக்குப் போனார், பழைய வேலையிலும் சேர்ந்தார். பிறகு, நன்றாகத்தானே இருக்கிறோம் என்ற நிலையில், மருந்தை விட்டுவிட்டார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அதே மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார்; மீண்டும் லித்தியம் கொடுத்தார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் சித்தப்பாவுக்குப் பதில் சொல்வது எளிது. ஆனால் 1950இல் அதே மனிதர் லித்தியம் நச்சேறி இறந்துபோனார். கேட் மனம் உடைந்து, தன் மருத்துவமனையில் அந்த மருந்தையே நிறுத்திவிட்டார். குணப்படுத்தும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே இருந்த சிறிய இடைவெளியை அளக்க அவரிடம் வழி இல்லை. அதே மெல்போர்னில் டிராட்னர், நோவாக் என்ற இரு ஆய்வாளர்கள் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளின் ரத்தத்தில் லித்தியத்தை அளந்து, மருந்தைப் பாதுகாப்பாகக் கொடுக்கும் வழியைக் கண்டார்கள். 1954இல் டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ என்ற மனநல மருத்துவர், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்துச் சோதித்தார். ஷோவின் உடன்பிறந்தவரும் திரும்பத் திரும்ப மனச்சோர்வில் விழுந்துகொண்டிருந்தவர்; லித்தியத்தால் மீண்டார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

எப்படி வேலை செய்கிறது என்பது இன்றும் முழுதாகப் பிடிபடவில்லை. நோய் திரும்புவதைத் தடுக்கிறது, தற்கொலைகளைக் குறைக்கிறது என்பதற்குப் பல பத்தாண்டுச் சான்று இருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பக்கூடும்.

சித்தப்பாவைக் கோபிக்காதீர்கள். சிறுநீரகத்தையும் தைராய்டையும் லித்தியம் பாதிக்கக்கூடும் என்பது உண்மை. ரத்தப் பரிசோதனை அதற்குத்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயிலில் நீர் வற்றுவது, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப்போடும் ஐபுபுரூஃபன் – இவை எல்லாமே ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். கைநடுக்கம் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தம்பியிடம் கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தாய் என்று கேளுங்கள். மாதங்கள் ஓடிவிட்டன என்றால், இந்த வாரமே நீங்களும் கூடப் போங்கள். நிறுத்தலாமா என்ற கேள்வியையும் அங்கே, டாக்டர் முன்னால், தம்பியே கேட்கட்டும்.