வயரிங் வேலைக்காக வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 1978 சூறாவளிக்குப் பின் என் தகப்பனார் மட்டக்களப்புக் கல்லடியில் கட்டி எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் வசிக்கிறேன். ஒரு மாதமாக ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது. வந்து பார்த்த மின்னியலாளர், வீடு முழுவதும் வயரிங் மாற்ற 420,000 ரூபாய் ஆகும் என்கிறார். அதுவரைக்கும் ட்ரிப் சுவிட்சை விலக்கிவிட்டு நேரடியாக இணைத்துத் தருவதாகவும் சொல்கிறார். 10 இலட்சம் ரூபாயை ஒரு வருட நிலையான வைப்பில், 8 சதவீத வட்டிக்கு இட்டிருக்கிறேன். ஒக்டோபர் இறுதியில்தான் முதிர்கிறது. இப்போது உடைத்தால் கழிந்த ஒன்பது மாதத்துக்கும் 5 சதவீதமே கிடைக்குமாம். வைப்பின் மேல் கடன் எடுத்தால் 10.5 சதவீதம். அயலவர்கள் 20 பேர் மாதம் 20,000 ரூபாய் கட்டும் சீட்டில், 70,000 ரூபாய் கழிவுக்கு முதற்சீட்டைத் தருவதாகச் சொல்கிறார்கள். என் ஓய்வூதியம் 62,000 ரூபாய். கனடாவிலுள்ள மகன் ஏசி பூட்டக் காசு அனுப்புகிறாராம். எந்த வழியில் போவது?

பதில்: அம்மா, காசுக் கணக்குக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ட்ரிப் சுவிட்சை விலக்கி இணைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். வீடுகளில் பூட்டப்படும் ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் 30 மில்லிஅம்பியர் கசிவுக்கே விழும்படி அமைந்தது. ஒருவர் உடல் வழியே மின்சாரம் பாயும்போது உயிரைக் காக்கும் கருவி அதுதான். பியூசும் எம்சிபியும் (மின்னோட்டம் மிகும்போது தானாக விழும் சுவிட்ச்) வயர் சூடேறி எரியாமல் காப்பவை. மனிதரைக் காக்கும் அளவுக்கு நுண்மையானவை அல்ல. ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்றால், பெரும்பாலும் எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் பொருள். அந்தக் கசிவைத் தேடாமல் கருவியைக் கழற்றச் சொல்பவரிடம் நான்கு இலட்சம் ரூபாய் வேலையை ஒப்படைப்பதற்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது, அந்த 420,000 ரூபாய் என்ற ஒற்றைத் தொகை. நான் மின்னியலாளன் அல்லன். ஆனால் பிரித்துக் காட்டாத மதிப்பீட்டுக்கு ஒரு சதமும் முற்பணம் கொடுக்கக்கூடாது என்பது காசு ஆலோசனை சொல்லும் என் தொழிலுக்குள் வருகிற விடயம். என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) பெற்ற வேறொரு மின்னியலாளரை அழைத்து, வயரின் மின்காப்புத் தடையை அளக்கும் மெகர் கருவியால் ஒவ்வொரு சேர்க்கிட்டையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள். 500 வோல்ற்றில் சோதிக்கும்போது 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் சேர்க்கிட்தான் உங்கள் உடனடிப் பிரச்சினை. பழைய வாட்டர் பம்போ, மழைநீர் புகுந்த வெளி விளக்கோ மட்டும் கசிந்துகொண்டிருக்கவும் கூடும். அப்படியானால் இந்த மாதச் செலவு சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். இருந்தாலும், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடற்காற்றில் இருந்த இணைப்புகள் உப்பரித்திருக்கும் என்பதால், முழு வேலையையும் என்றோ ஒரு நாள் செய்தே ஆகவேண்டும். எர்த் கம்பியையும் இப்போதே அளப்பது நல்லது. கல்லடி மணல் காய்ந்திருக்கும் காலத்தில் எர்த்தின் தடை கூடுதலாகக் காட்டும். இப்போது திருப்தியாக இருந்தால் மாரியில் அதைப் பற்றிய கவலை குறையும்.

இனிக் கணக்குக்கு வருவோம். வைப்பை உடைத்தால், ஒன்பது மாதத்துக்கு 60,000 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 37,500 ரூபாயே வரும்; இழப்பு 22,500 ரூபாய். அதே வைப்பின் மேல் முழு 420,000 ரூபாயையும் மூன்று மாதத்துக்குக் கடனாக எடுத்தாலும் வட்டி 11,025 ரூபாய்தான். ஆகவே உடைப்பது என்ற பேச்சையே விட்டுவிடலாம். சீட்டோ இன்னும் மோசம்: 400,000 ரூபாய் கட்டி 330,000 ரூபாய் பெறுகிறீர்கள், அது வேலைக்கும் போதாது, 62,000 ரூபாய் ஓய்வூதியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இருபது மாதம் விழுங்கும். அயலவர்களோடு முகம் முறியாமல் கடைசிச் சீட்டுக்கு நிற்பதாகச் சொல்லி ஒதுங்கினால் வேறு, முதற்சீட்டு வேண்டாம்.

ஆனால் முழுத் தொகைக்கும் இப்போது கடன் எடுக்கவேண்டியதில்லை. புதிய மதிப்பீட்டில் உயிருக்கு ஆபத்தானவற்றை ஒரு பக்கமும் வசதிக்கானவற்றை மறுபக்கமும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிரதான பலகை, புதிய ட்ரிப் சுவிட்ச், எர்த், குசினி, குளியலறை, பம்ப் ஆகியவை முதற்பக்கத்தில் வரும்; அவை 180,000 ரூபாய்க்குள் அடங்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகைக்கு மூன்று மாத வட்டி 4,725 ரூபாய். வைப்பு முதிரும்வரை இதைத் தள்ளிப்போட்டு வட்டியை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். ஆனால் முதிர்வு ஒக்டோபர் இறுதியில், அதன் பின்னாலேயே வடகீழ்ப் பருவமழை. சுவரை வெட்டிக் குழாய் புதைக்கும் வேலையை ஈரச் சுவரில் செய்ய முடியாது. கசிவு கூடுவதும் அந்த ஈரத்தில்தான்.

வைப்பு முதிர்ந்ததும் 1,080,000 ரூபாயிலிருந்து கடனையும் வட்டியையும் தீர்த்தால் 895,275 ரூபாய் மிஞ்சும். படுக்கையறைகளுக்கும் விறாந்தைக்கும் வேண்டிய 240,000 ரூபாயைத் தனியாக மூன்று மாத வைப்பில் இடுங்கள். மழை ஓய்ந்து பெப்ரவரியில் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கலாம். மீதி 655,275 ரூபாயை மீண்டும் ஒரு வருடத்துக்கு இடுங்கள். இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் நிறுத்திவைப்பு வரியாகக் கழிக்கப்படுகிறது. உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்பதால், முதிர்வுக்கு முன்பே வங்கியில் சுய பிரகடனம் கொடுத்துவிட்டால் அந்த 8,000 ரூபாய் கழியாது. கடன் வட்டியைவிட அது பெரிய தொகை என்பதைக் கவனியுங்கள்.

கூலியை மூன்று தவணையாகப் பேசுங்கள். கடைசித் தவணையை மெகர் அளவுகளையும் எர்த் அளவையும் எழுத்தில் வாங்கிய பிறகே கொடுங்கள். வயரை நீங்களே எஸ்எல்எஸ் (இலங்கைத் தரநிர்ணய) முத்திரை பார்த்து வாங்கி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி விடயத்தில் மகனோடு பேசவேண்டியிருக்கும். இரவில் எட்டு மணிநேரம் ஓடும் ஒரு சாதாரண ஏசி மாதம் 200 அலகு வரை எடுக்கக்கூடும். நமது வீட்டு மின்கட்டணம் அலகு கூடக்கூட வீதமும் ஏறும் படிகளில் அமைந்திருக்கிறது. 180 அலகைத் தாண்டினால் மிக உயர்ந்த படி. ஏசியை வாங்கித் தருவது மகன், மின்பட்டியலை மாதாமாதம் கட்டுவது உங்கள் ஓய்வூதியம். பழைய பிளக்கில் அதைச் செருகவும் கூடாது. பலகையிலிருந்து தனி எம்சிபியோடு 7/0.85 வயரில் (0.85 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏழு இழை கொண்டது) தனிச் சேர்க்கிட் வேண்டும். ஆகவே, அனுப்பும் காசை இந்த வருடம் முதற்கட்ட வயரிங்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அவர் 180,000 ரூபாயை அனுப்பிவிட்டால் வங்கிக் கடனே தேவையில்லை. பலகையில் ஏசிக்கென ஓர் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவைக்கச் சொல்லுங்கள்.