பாதுகாப்பாகக் கார் ஓட்ட ஒரே ஒரு பழக்கத்தை மாற்றச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

உரிமம் பெற்று ஓராண்டே ஆன ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். குடித்துவிட்டு ஓட்டக்கூடாது, பின் இருக்கையில் இருப்பவர் உட்பட எல்லோரும் சீட் பெல்ட் அணிய வேண்டும் என்பவை தமக்குத் தெரியும் என்று அவரே எழுதியிருப்பதால், நேராக என் பதிலுக்கு வருகிறேன்: முன்னால் போகும் வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் நடுவே விடும் இடைவெளியைக் கூட்டுங்கள்.

இதை நான் காலம் தாழ்ந்துதான் கற்றேன். கார் ஓட்டத் தொடங்கிய பதினோராம் ஆண்டில், நல்ல பகல் வெளிச்சத்தில், வேக வரம்பை மீறாமல், கைப்பேசியைத் தொடாமல் ஓட்டிக்கொண்டிருந்தபோதே முன்னால் சென்ற காரின் பின்புறத்தில் மோதினேன். குறுக்கே ஓடிவந்த ஒரு சிறுவனுக்காக அந்த ஓட்டுநர் சட்டென்று பிரேக் பிடித்தார். அவர் செய்தது முழுவதும் சரி. அவருடைய வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்து நானும் பிரேக் பிடித்தேன், ஆனால் நிற்பதற்கு இடம் இல்லை. அந்தக் காரின் பின் இருக்கையில் இருந்த மூதாட்டி பல வாரங்கள் கழுத்துப் பட்டையோடு இருக்க நேர்ந்தது. அன்று வரை என்னைக் கவனமான ஓட்டுநர் என்றே நம்பியிருந்தேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு, அது ஆபத்து என்று உணர்ந்து, காலை பிரேக்குக்கு மாற்றுவதற்குள் விழிப்போடு இருப்பவருக்கும் ஒரு நொடியிலிருந்து ஒன்றரை நொடி வரை ஆகிவிடும். அதாவது வேகம் சற்றும் குறையாமலே 25 முதல் 37 மீட்டர் வரை போய்விடும். அதன் பிறகு நிற்பதற்கு வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வேகம் இரு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டரிலும் 60 கிலோமீட்டரிலும் அருகருகே செல்லும் ஒரே மாதிரியான இரண்டு கார்களின் ஓட்டுநர்கள் ஒரே கணத்தில் ஆபத்தைக் கண்டு பிரேக் பிடித்தால், முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும்.

ஓடும் வண்டியிலிருந்து மீட்டர் கணக்கில் இடைவெளியை மதிப்பிடுவது கடினம்; ஆகவே நொடிகளில் எண்ணுங்கள். முன்வண்டியின் பின்பக்கம் ஒரு விளக்குக் கம்பத்தைக் கடக்கும்போது, 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று நிதானமாகச் சொல்லத் தொடங்க வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் மிகவும் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். உலர்ந்த சாலைக்கு இரண்டு நொடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறைந்த அளவு. முன்வண்டியும் பிரேக் பிடித்து, சற்றுத் தூரம் ஓடித்தான் நிற்கும் என்றால் அது போதும். ஆனால் அந்த வண்டியே எதிலாவது மோதி அங்கேயே நின்றுவிட்டால் போதாது. அதனால் நான் மூன்று நொடி விடுகிறேன், மழையில் நான்கு நொடிக்குக் கீழே குறைப்பதில்லை. முன்னால் லாரி போனால் இன்னும் பின்வாங்குவேன், ஏனெனில் அது சாலையை மறைக்கிறது. அதன் பக்கக் கண்ணாடிகள் நமக்குத் தெரியாத அளவுக்கு ஒட்டிப் போனால், நாமும் அதன் ஓட்டுநருக்குத் தெரியமாட்டோம்.

இடைவெளி விட்டால் வேறொருவர் வந்து புகுந்துவிடுவாரே என்று பலர் கேட்கிறார்கள். புகுவார்கள்தான். ஒவ்வொருவர் புகும்போதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே தளர்த்தி மீண்டும் மூன்று நொடியை உண்டாக்கிக்கொண்டால், நமக்கு ஆகும் தாமதமும் அந்தச் சில நொடிகள்தான். பத்துப் பேர் புகுந்தாலும் அரை நிமிடத்துக்கு மேல் போகாது. நம் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால் வேகத்தைக் கூட்டவும் வேண்டாம், அவரைத் தண்டிக்க பிரேக் பிடிக்கவும் வேண்டாம். முன்னால் உள்ள இடைவெளியை இன்னும் பெரிதாக்குங்கள். அப்போது உங்களால் மெதுவாகவே வேகத்தைக் குறைக்க முடியும், பின்னால் வருபவருக்கும் நிற்க நேரம் கிடைக்கும்.

இவ்வளவு இடைவெளியையும் வீணாக்கிவிடக் கூடியது தூக்கம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கண் மூன்று நொடி செருகினால் 75 மீட்டர், அதாவது நாம் பாடுபட்டுக் காத்த இடைவெளி முழுவதும், நாம் அறியாமலே போய்விடும். சன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் இதற்கு மாற்று ஆகா. கடந்து வந்த சில கிலோமீட்டர்கள் நினைவில் இல்லை என்று தோன்றிய உடனே, சாலையோரத்தில் நில்லாமல், வண்டிகள் ஓடாத பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். அங்கே காபி குடித்தால் அது வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும் என்பதால், குடித்த கையோடு கிளம்பாமல், இருக்கையைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்கிவிட்டு எழுங்கள்.