கிறிஸ்தவர் ஒருவர் போருக்குச் செல்வது பாவமா?

இராணுவத்தில் சேரவிருக்கும் காரைக்குடித் தம்பி ஒருவர், கிறிஸ்தவர் ஆயுதம் ஏந்தலாமா என்று கேட்டிருக்கிறார். கெத்சமனித் தோட்டத்தில் தம்மைக் கைது செய்ய வந்தபோது சீடர் பேதுரு உருவிய வாளை உறையில் போடும்படி இயேசு சொன்னதால், கூடவே கூடாது என்போர் உண்டு. ஆனால், தம்மிடம் வழி கேட்ட படைவீரர்களைத் திருமுழுக்கு யோவான் வேலையை விடச் சொல்லவில்லை. எவரையும் மிரட்டிப் பணம் பறிக்காமல் ஊதியத்தோடு நிறைவடையச் சொன்னார் (லூக்கா 3:14). முறையான அதிகாரம், நியாயமான காரணம், நேரிய நோக்கம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் போர் நியாயமாகும் என்று 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். மூன்றாவதே கடினம், காரணம் நியாயமாக இருக்கும்போதே மனம் பகையில் சுவை காணத் தொடங்கிவிடும்.

குடிமக்களைக் குறிவைப்பதற்கோ எந்த நியாயமும் கிடையாது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபின் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர்களைப் பற்றி எங்கள் தெரு ஆச்சி ஒருவர் திண்ணையில் அமர்ந்து சொல்லும்போது, அவர் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருக்கும்.

சேர்வது பாவமன்று என்றே நான் நம்புகிறேன். ஆனால், கொடிய கட்டளைக்குக் கண்மூடிக் கீழ்ப்படிந்தேன் என்பது சாக்காகாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது, தம்பி.