இம்ப்ளான்ட் ரீகால், கேஸ், கெடு தேதி: உங்க கேள்விகளுக்கு என் பதில்

வணக்கம். மாஸ்டெக்டமிக்கு (மார்பகத்த எடுக்கற ஆபரேஷன்) அப்புறம் வச்ச இம்ப்ளான்ட் (செயற்கை மார்பகம்), எக்ஸ்பேண்டர் (அதுக்கு முன்னாடி தோல விரிக்க வைக்கற பை) பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் எழுதியிருக்கீங்க. நான் நியூ ஜெர்சில ஒரு லா ஆஃபீஸ்ல பாராலீகல், அதாவது லாயருக்கு உதவியாளர். லாயர் இல்ல, அதனால உங்க கேஸ் ஜெயிக்குமா தோக்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா மெடிக்கல் டிவைஸ் கேஸ் ஃபைல்களோட பத்து வருஷத்துக்கு மேல இருக்கேன், எனக்கே மாஸ்டெக்டமி ஆகி எக்ஸ்பேண்டர் வச்சு ரீகன்ஸ்ட்ரக்ஷன் (மார்பகத்த திரும்ப உருவாக்கற ஆபரேஷன்) பண்ணிருக்கு, அதனால உங்க பயம் எனக்கு புரியும்.

விஷயம் புதுசா இருக்கறவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். 2019 ஜூலை 24ல அமெரிக்காவுல மருந்து, மருத்துவப் பொருள் கட்டுப்பாடு பாக்கற எஃப்டிஏ கேட்டதால அலர்கன் கம்பெனி தன்னோட பயோசெல் சொரசொரப்பு இம்ப்ளான்டையும் எக்ஸ்பேண்டரையும் உலகம் பூரா வாபஸ் வாங்குச்சு, இதத்தான் ரீகால்னு சொல்றோம். காரணம் இம்ப்ளான்ட சுத்தி வளர்ற தழும்புத் திசுல வர்ற ஒரு லிம்ஃபோமா. அது மார்பகப் புற்றுநோய் கிடையாது, ரத்த வெள்ளையணு சம்பந்தப்பட்ட வேற கேன்சர். அப்ப எஃப்டிஏ கணக்குல உலகத்துல 573 பேருக்கு வந்திருந்துச்சு, 33 பேர் இறந்திருந்தாங்க, அந்த 573ல 481 அலர்கன் இம்ப்ளான்ட்.

கேள்வி (டாலஸ்): 2014ல ஆபரேஷன். ரீகால் லெட்டர் 2019லயே வந்துச்சு, பயந்து உள்ள வச்சிட்டேன். இப்ப ரெண்டு மாசமா ஒரு பக்கம் வீங்கியிருக்கு. கேஸ் போட லேட் ஆயிடுச்சா?

அக்கா, கேஸ கொஞ்சம் ஓரமா வைங்க. வீக்கம்னு எழுதியிருக்கீங்க, டாக்டர பாத்தீங்களான்னு எழுதவே இல்ல. வருஷக்கணக்கு கழிச்சு ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்து வீங்குறதுதான் இந்த லிம்ஃபோமாவோட வழக்கமான முதல் அறிகுறி, சராசரியா 8ல இருந்து 10 வருஷம் கழிச்சு வருது. நாளைக்கே போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க, அல்ட்ராசவுண்ட் பாத்து அந்த நீர ஊசில எடுத்து சிடி30 டெஸ்ட்டுக்கு (இந்த லிம்ஃபோமா செல்லுல இருக்கற ஒரு புரதத்த தேடற டெஸ்ட்) அனுப்பச் சொல்லுங்க, "சிடி30"ன்னு பேர் சொல்லியே கேளுங்க, எல்லா டாக்டருக்கும் இது பழக்கமான விஷயம் இல்ல. சீக்கிரம் கண்டுபிடிச்சா இம்ப்ளான்டையும் சுத்தியிருக்கற கேப்ஸ்யூலையும் (அந்த தழும்புத் திசு) முழுசா எடுத்தாலே பெரும்பாலானவங்களுக்கு குணமாயிடுது.

இப்ப கெடு. டெக்ஸாஸ்ல 2 வருஷம். எந்த தேதில இருந்து எண்ணுறதுங்கறதுதான் சண்டையே. பொதுவா நோய் இருக்குன்னும் அதுக்கு காரணம் அந்த டிவைஸ்னும் தெரிஞ்ச நாள், இல்லன்னா தெரிஞ்சிருக்க வேண்டிய நாள். "2019லயே லெட்டர் அனுப்பிட்டோமே"ன்னு கம்பெனி லாயர் கண்டிப்பா கேப்பாங்க, "அப்ப எனக்கு நோயே இல்லயே"ங்கறது உங்க பக்க பதில். அதோட டெக்ஸாஸ்ல இன்னொரு சுவர் இருக்கு, பொருள் வித்த தேதில இருந்து 15 வருஷம் தாண்டினா பெரும்பாலும் கதவு மூடிரும். உங்களுக்கு அதுல இன்னும் நாள் இருக்கு. டெஸ்ட் ரிசல்ட் எந்த தேதில கைக்கு வருதோ அந்த பேப்பர பத்திரமா வைங்க, அந்த வாரமே லாயர பாருங்க. மத்த ஊர்க்காரங்களும் பாத்துக்கோங்க: நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, பென்சில்வேனியா 2 வருஷம், நியூயார்க் 3 வருஷம், டென்னசி, கென்டக்கில 1 வருஷம்தான். ஒரு வருஷம்ங்கறது கீமோ முடிச்சு நிமிர்றதுக்குள்ள ஓடிரும்மா.

கேள்வி (சான் ஹோசே): எஃப்டிஏ அப்ரூவ் பண்ணின பொருள் மேல கேஸே போட முடியாதுன்னு என் வீட்டுக்காரர் சொல்றார். உண்மையா?

பாதி உண்மை. இந்த பாதிதான் நிறைய பேர கேஸ் போட விடாம தடுக்குது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

1976 மெடிக்கல் டிவைஸ் சட்டத்துல, டிவைஸ் விஷயத்துல ஃபெடரல் விதிக்கு மாறாவோ கூடுதலாவோ மாநிலங்கள் விதி வைக்கக் கூடாதுன்னு ஒரு பிரிவு இருக்கு. 2008ல ரீகல் எதிர் மெட்ரானிக் கேஸ், ஒருத்தருக்கு இதய அடைப்பு எடுக்கறப்ப பலூன் கதீட்டர் உள்ளயே வெடிச்சிருச்சு, அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 8க்கு 1னு தீர்ப்பாச்சு: பிஎம்ஏங்கற முழு பரிசோதனை தாண்டி அப்ரூவ் ஆன டிவைஸ் மேல "டிசைன் சரியில்ல, எச்சரிக்கை பத்தல"ன்னு மாநில சட்டத்துல நேரடியா கேஸ் போட முடியாது. சிலிக்கான் இம்ப்ளான்ட் பிஎம்ஏ வழியா வந்தது. உங்க வீட்டுக்காரர் சொல்றது இதத்தான்.

ஆனா மீதி பாதி இருக்கு. எஃப்டிஏ போட்ட விதியவே கம்பெனி மீறியிருந்தா, அதாவது அப்ரூவ் ஆன முறைப்படி தயாரிக்கலன்னாலோ, பாதிப்பு ரிப்போர்ட் வந்தப்ப எஃப்டிஏவுக்கு ஒழுங்கா தெரிவிக்கலன்னாலோ, அப்ப மாநில சட்டமும் ஃபெடரல் விதியும் ஒரே கடமையத்தான் கேக்குது, அங்க கேஸ் நிக்கலாம். ரொம்ப குறுகலான சந்து இது, ஏன்னா "எஃப்டிஏவ ஏமாத்திட்டாங்க"ன்னு மட்டும் சொல்லி கேஸ் போட முடியாதுன்னு 2001லயே இன்னொரு தீர்ப்பு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நுழையணும். அதனாலதான் இந்த வேலை தெரிஞ்ச லாயர் வேணும்னு சொல்றேன், வீடு வாங்குறப்ப பேப்பர் பாத்துக் குடுத்த லாயர் இதுக்கு போதாது. பல வருஷமா இம்ப்ளான்ட் கம்பெனிகள் நிறைய பாதிப்புகள தனித்தனியா பொதுமக்கள் பாக்கற மாதிரி குடுக்காம, மொத்தமா சுருக்கி குடுக்க எஃப்டிஏவே ஒரு ஏற்பாடு வச்சிருந்துச்சு, 2019லதான் அத நிறுத்தி பழைய டேட்டாவ வெளியிட்டாங்க. எனக்கு இன்னைக்கும் மனசு ஆறாத விஷயம் அது. நாம கூகுள்ல தேடினப்ப ஒண்ணும் இல்லாம இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொண்ணு, நம்மள மாதிரி ரீகன்ஸ்ட்ரக்ஷன் ஆளுங்களுக்கு ரொம்ப முக்கியம். எக்ஸ்பேண்டர். நிரந்தர இம்ப்ளான்ட் வைக்கறதுக்கு முன்னாடி தோல விரிக்க சில மாசம் உள்ள வச்சு உப்புத்தண்ணி ஏத்துவாங்களே, அது. ரீகால்ல பயோசெல் எக்ஸ்பேண்டரும் சேர்ந்திருக்கு. அந்த எக்ஸ்பேண்டர் பிஎம்ஏ வழியா வந்தது இல்ல, "ஏற்கனவே இருக்கற பொருள் மாதிரிதான்"னு காட்டி 510கே வழியா கிளியர் ஆனது. 510கே டிவைஸ் தயாரிச்ச கம்பெனிக்கு மாநில சட்டக் கேஸ்ல இருந்து அந்த பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாதுன்னு 1996ல லோர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. இப்ப உங்களுக்குள்ள இருக்கறது வழவழப்பு இம்ப்ளான்டா இருந்தாலும் முன்னாடி என்ன எக்ஸ்பேண்டர் வச்சாங்கன்னு தேடுங்க, டாக்டர்கிட்டயும் சொல்லுங்க லாயர்கிட்டயும் சொல்லுங்க.

கேள்வி (எடிசன்): எந்த பிராண்ட் வச்சாங்கன்னே தெரியல. கார்டு குடுத்ததா ஞாபகம், வீடு மாறினதுல தொலைஞ்சிருச்சு.

எனக்கும் இதேதான் நடந்துச்சு. ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ்ல கேட்டா மூணு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி குடுத்து அவ்ளோதான்னாங்க. மூணாவது லெட்டர்ல "ஆபரேடிவ் ரிப்போர்ட், இம்ப்ளான்ட் லாக், இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஷீட்"னு பேர் போட்டு கேட்டேன், அப்பதான் சீரியல் நம்பரோட வந்துச்சு. அதனால "என் ரெக்கார்ட்ஸ் குடுங்க"ன்னு மொட்டையா கேக்காதீங்க. ஹிப்பாங்கற மருத்துவத் தகவல் சட்டப்படி பொதுவா 30 நாளுக்குள்ள குடுக்கணும். சர்ஜன் ஆஃபீஸ், ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரி ரெண்டுக்கும் தனித்தனியா எழுதுங்க, சர்ஜன் ரிட்டயர் ஆயிருந்தா ஆஸ்பத்திரி காப்பிதான் உங்கள காப்பாத்தும். எக்ஸ்பேண்டர் வச்ச ஆபரேஷனும் இம்ப்ளான்ட் வச்ச ஆபரேஷனும் வேற வேற தேதி, ரெண்டு ரிப்போர்ட்டும் கேளுங்க.

கேள்வி (அட்லாண்டா): அடுத்த வியாழன் இம்ப்ளான்ட எடுக்கறாங்க. கேஸ் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்கேன்.

அப்புறம் பாக்கலாம் தங்கச்சி, ஆனா ஒரு வேலை வியாழனுக்கு முன்னாடி ஆகணும். எடுத்த இம்ப்ளான்ட தூக்கிப் போடக்கூடாது, கம்பெனிக்கும் அனுப்பக்கூடாதுன்னு சர்ஜனுக்கும் பேத்தாலஜிக்கும் (திசு சோதிக்கற லேப்) எழுத்துல குடுங்க, கன்சென்ட் ஃபார்ம்லயும் கையால எழுதி கையெழுத்து போடுங்க. அதுதான் கேஸ்ல சாட்சி. கம்பெனி திருப்பி அனுப்பச் சொன்னா "இப்ப இல்ல"ன்னு சொல்லலாம், அது உங்க பொருள். முடிஞ்சா இந்த வாரமே ஒரு லாயர்கிட்ட பேசிருங்க, பத்திரப்படுத்தற லெட்டர அவங்களே அனுப்பிருவாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும்மா.

கேள்வி (சிகாகோ): எனக்கு எந்த அறிகுறியும் இல்ல, ஆனா ரீகால் ஆன இம்ப்ளான்ட்தான். தூக்கமே வரல. எடுத்துரலாமா, செலவ கம்பெனி குடுக்குமா?

அறிகுறி இல்லாதவங்க முன்னெச்சரிக்கையா எடுக்கணும்னு எஃப்டிஏ சொல்லல, எடுக்கறதும் ஒரு பெரிய ஆபரேஷன்தான். எடுக்கறதா வேணாமாங்கறது நீங்களும் டாக்டரும் பேசி முடிவு பண்ண வேண்டியது. ரீகால் அப்ப கம்பெனி வழவழப்பு இம்ப்ளான்ட இலவசமா தர்றோம்னு சொன்னாங்க, ஆபரேஷன் செலவ தரல. நோய் வராதவங்களுக்கு கண்காணிப்பு செலவு கேக்குற கேஸ் சில மாநிலத்துல ஏத்துக்குவாங்க, சில மாநிலத்துல உடம்புல பாதிப்பு காட்டினாத்தான் கோர்ட் கதவு திறக்கும்.

ஆனா இன்ஷூரன்ஸ மறந்துடாதீங்க. 1998ல வந்த பெண்கள் உடல்நலம், கேன்சர் உரிமைச் சட்டப்படி, மாஸ்டெக்டமிய கவர் பண்ற பிளான் ரீகன்ஸ்ட்ரக்ஷனோட எல்லா கட்டத்தையும், அதுல வர்ற சிக்கல்களையும் கவர் பண்ணணும். "காஸ்மெட்டிக்"னு சொல்லி மறுத்தா எழுத்துல மறுப்பு வாங்கி அப்பீல் போடுங்க. அழகுக்கு வச்சவங்களுக்கு இல்லாத ஒரு பலம் நமக்கு இது.

கேள்வி (ராலே): இது கிளாஸ் ஆக்ஷனா (எல்லாருக்கும் சேத்து ஒரே கேஸ்)? சேந்தா எல்லாருக்கும் 200 டாலர் செக் வருமே அந்த மாதிரியா?

நோய் வந்தவங்க கேஸ் அப்படி இல்ல. நாடு முழுக்க போட்ட கேஸ்களை 2019 டிசம்பர்ல நியூ ஜெர்சி ஃபெடரல் கோர்ட்ல ஜட்ஜ் மார்ட்டினோட்டி முன்னாடி ஒண்ணா சேத்தாங்க, அதுக்கு பேர் எம்டிஎல். டாக்குமென்ட் வாங்குறது, சாட்சி விசாரிக்கறது மட்டும் பொது, உங்க கேஸ் உங்க கேஸாவே இருக்கும், நஷ்ட ஈடும் உங்க பாதிப்பு அளவுக்குத்தான். முழுசா தள்ளுபடி பண்ணச் சொல்லி கம்பெனி கேட்டத 2021 மார்ச்ல ஜட்ஜ் ஏத்துக்கல. ராலேன்னு போட்டிருக்கீங்க, நார்த் கரோலினால பொருள் முதல்ல வாங்கின நாள்ல இருந்து 12 வருஷ சுவர் ஒண்ணு இருக்கு, அத முதல்ல பாருங்க.

எப்ப முடியும்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க. பழைய சிலிக்கான் இம்ப்ளான்ட் கேஸ்கள்ல, அத தயாரிச்ச டவ் கார்னிங் கம்பெனி 1995ல திவால் போட்டுச்சு, செட்டில்மென்ட் திட்டம் நடைமுறைக்கு வந்தது 2004ல, க்ளெய்ம் குடுக்க கடைசி நாள் 2019 ஜூன். நீண்ட ஓட்டம்னு மனசுல வச்சுக்கோங்க, இந்தப் பணத்த நம்பி கடன் வாங்காதீங்க. "கேஸ் மேல அட்வான்ஸ் தர்றோம்"னு போன் பண்றவங்ககிட்ட லாயர கேக்காம கையெழுத்து போடாதீங்க.

கேள்வி (ஃப்ரீமான்ட்): லாயர் ஃபீஸ் எவ்ளோ?

ஜெயிச்சாத்தான் ஃபீஸ், பெரும்பாலும் மூணுல ஒரு பங்குல இருந்து 40 சதவீதம் வரைக்கும். நியூ ஜெர்சில முதல் 7,50,000 டாலருக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல வாங்கக் கூடாதுன்னு கோர்ட் விதி. கோர்ட் செலவு தனியா கழியுமா, தோத்தா அத யாரு குடுக்கறதுன்னு ஒப்பந்தத்துல பாருங்க. அதோட உங்க ட்ரீட்மென்டுக்கு பணம் கட்டின இன்ஷூரன்ஸ் இல்ல மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) செட்டில்மென்ட்ல இருந்து தன் பங்கு கேக்கும், அது முன்னாடியே தெரிஞ்சா கடைசில அதிர்ச்சி இருக்காது.

கேள்வி (சென்னை): அம்மாவுக்கு இங்கதான் ஆபரேஷன் ஆச்சு. அமெரிக்காவுல கேஸ் போடலாமா?

போட்டாலும் "ஆபரேஷன், டாக்டர், ரெக்கார்ட் எல்லாம் அங்க இருக்கு, அங்கயே நடத்துங்க"ன்னு கோர்ட் அனுப்ப வாய்ப்பு அதிகம் தம்பி. இந்தியாவுல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பொருள் குறைபாட்டுக்கு தயாரிச்சவங்க, வித்தவங்க மேல நஷ்ட ஈடு கேக்க தனி அத்தியாயமே இருக்கு, ஆஸ்பத்திரி சேவையும் அந்த சட்டத்துக்குள்ள வரும்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. கெடு 2 வருஷம். பில், டிஸ்சார்ஜ் சம்மரி, இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் மூணையும் இன்னைக்கே எடுத்து வைங்க.

கேள்வி (நியூயார்க்): என் மனைவி போன வருஷம் இந்த லிம்ஃபோமால தவறிட்டா. அவ இருந்தப்ப கேஸ் எதுவும் போடல. நான் போடலாமா?

அண்ணா, ரொம்ப வருத்தமா இருக்கு. போடலாம். அவங்க எஸ்டேட் சார்பா, அதாவது கோர்ட் நியமிச்ச பிரதிநிதியா நீங்க போடணும், அதுக்கு சரோகேட் கோர்ட்ல (இறந்தவங்க சொத்து விவகாரம் பாக்கற கோர்ட்) லெட்டர்ஸ்ங்கற நியமனக் கடிதம் வாங்கணும், அதுக்கே சில வாரம் ஆகும். இறப்புக்கான கேஸுக்கு நியூயார்க்ல இறந்த நாள்ல இருந்து 2 வருஷம்தான், அவங்க பட்ட வேதனைக்கான க்ளெய்முக்கு தனி கணக்கு, ரெண்டுல எது முன்னாடி முடியுதோ அத கெடுவா வச்சுக்கோங்க. போன வருஷம்னு சொல்றீங்க, அப்ப இந்த மாசமே லாயர பாக்கணும். எடுத்த இம்ப்ளான்ட் இல்லன்னாலும் கலங்காதீங்க, பயாப்ஸி பண்ணின திசுவ மெழுகு பிளாக்கா பேத்தாலஜில பொதுவா 10 வருஷம் வச்சிருப்பாங்க, அத அழிக்கக் கூடாதுன்னு எழுத்துல கேளுங்க. அந்த லெட்டர எப்படி எழுதறதுன்னு தெரியலன்னா எனக்கு அனுப்புங்க, நான் உக்காந்து எழுதித் தர்றேன்.